கண்ணோடு ஒட்டிய கண்ணாடி

ஐம்புலன்களுள் கண்ணே தலையாயது என்பது யாவரும் அறிந்த செய்தி. கண் நோயாளிகளின் பாதுகாவலியான புனித லூசியம்மாளின் திருநாள் டிசம்பர் 13 அன்று வருகிறது. அன்று காலை மன்றாட்டில் கண்ணாடி அணிந்த தோழியரின் குரல் மட்டும் சற்று உரக்கக் கேட்பது வழக்கம். அதில் வியப்பில்லை. எங்கள் வகுப்பில் நாற்பத்து நான்கு பேரில் பதின்மூவர் கண்ணாடி அணிகிறோம். ஒளியியல் பாடத்தில் கிட்டப்பார்வையைக் குழிலென்ஸால் சரிசெய்யலாம் என்று படித்த நாள் முதல், அந்தக் குழிலென்ஸை மூக்கின் மேல் சுமப்பதற்குப் பதிலாகக் கண்ணிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி எங்களிடையே சுற்றி வருகிறது. தேர்வு முடிந்ததும் காண்டாக்ட் லென்ஸ் வாங்கித் தருவதாகச் சிலருக்கு வீட்டில் வாக்குறுதியும் கிடைத்துவிட்டது. வேறு சிலர் வீட்டிலோ, "கண்ணுக்குள்ள போய் யாராவது எதையாவது போடுவாங்களா?" என்று பாட்டிமார் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டார்கள்.

பாட்டிமாரின் அச்சம் முழுவதும் தவறன்று. ஆனால் அவர்கள் அஞ்சுவது ஒன்றுக்கு, அஞ்சவேண்டியது வேறொன்றுக்கு. லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் நழுவி மூளைப் பக்கம் போய்விடும் என்பார்கள். அது நடவாது. இமையின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அப்படியே மடிந்து வந்து விழியின் வெள்ளைப் பகுதியையும் மூடுகிறது. எனவே பின்பக்கம் போக வழியே இல்லை. இமைக்குள் மடங்கி ஒளிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று அறிய, முதலில் கருவிழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவிழி என்று நாம் சொல்வது கறுப்பாகத் தெரிந்தாலும் அதன் முன்புறப் படலம் நிறமற்றது. கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி பதித்திருப்பதைப் போல விழியின் முன்னால் பதிந்திருக்கிறது. அதன் கனம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஒளி தடையின்றி உட்செல்ல வேண்டும் என்பதற்காக இறைவன் அதில் ஓர் இரத்தக் குழாய்கூட வைக்கவில்லை. அப்படியானால் அதற்குப் பிராணவாயு எப்படிக் கிடைக்கும்? காற்றிலிருந்துதான். காற்றிலுள்ள பிராணவாயு கண்ணீரில் கரைந்து கருவிழிக்குள் செல்கிறது. நுரையீரலைப் போலக் கருவிழியும் மூச்சு விடுகிறது என்று சொன்னால் அது வெறும் உவமை அன்று. இரவில் கண்ணை மூடியபின் இமையின் உட்புற இரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அது பகலில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த மூச்சை லென்ஸ் தடுக்கும்போது தொல்லை தொடங்குகிறது. கருவிழி நீர் கோத்து வீங்கும், பார்வை புகைமூட்டமாகும். பல ஆண்டுகள் இப்படியே போனால், பட்டினி கிடக்கும் கருவிழிக்கு உணவு கொண்டுவர, ஓரத்திலிருந்து இரத்தக் குழாய்கள் உள்நோக்கி வளரத் தொடங்கும். தெளிவாக இருக்கவேண்டிய இடத்தில் இரத்தக் குழாய் வளர்வது கண்ணுக்கு நல்லதன்று.

லென்ஸ் செய்தவர்களின் நூறாண்டு வரலாறே இந்த மூச்சுத் திணறலைப் போக்க எடுத்த முயற்சிதான். 1888-இல் சூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர் உண்மையான கண்ணாடியிலேயே லென்ஸ் செய்து, முதலில் முயலுக்கும் பிறகு தமக்கும் அணிவித்துப் பார்த்தார். அது விழியின் வெள்ளைப் பகுதியையும் மூடும் அளவுக்குப் பெரியது. சில மணி நேரத்திற்கு மேல் தாங்க முடியவில்லை. 1948-இல் அமெரிக்காவில் கெவின் டூஹி என்பவர் கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் செய்தார். மென்மையான லென்ஸுக்கு வழி காட்டியவர் செக் நாட்டு இரசாயன அறிஞர் ஓட்டோ விக்டர்லே. 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில், பிராக் நகரில் தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருத்துச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு சுழலும் இயந்திரம் செய்து, அதில் நீர் உறிஞ்சும் பிளாஸ்டிக்கை வார்த்து லென்ஸ் எடுத்தார். 1971-இல் அவ்வகை லென்ஸுக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. 1990-களின் இறுதியில் பிராணவாயுவை மிகுதியாக உட்செலுத்தும் சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்களும் வந்துவிட்டன. ஆகவே மூச்சுத் திணறல் இன்று பெரும்பாலும் தீர்ந்த சிக்கல். ஆனால் தொற்று நோய் தீரவில்லை. அதற்கு லென்ஸைவிட நம் வீட்டுக் குழாயும் நம் பழக்கமுமே பெரிய காரணம்.

தண்ணீரைக் குற்றம் சொல்வது நம்மவருக்குப் புதுமையாகத் தோன்றும். கண்ணில் தூசி விழுந்தால் தண்ணீர், கண் சிவந்தால் தண்ணீர், எதையும் சுத்தம் செய்யத் தண்ணீர் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே திருமுடிவாக்கத்தைப் போன்ற புறநகரில் வீட்டுக்கு வரும் தண்ணீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தோ லாரியிலிருந்தோ வருகிறது. தரைத் தொட்டியில் தங்கி, மாடித் தொட்டிக்கு ஏறி, மறுபடி குழாய்க்கு இறங்குகிறது. தொட்டியின் உட்சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். அங்கே வாழும் உயிர்களுள் ஒன்று அக்கான்தமீபா. நம் உயிரியல் பாடத்தில் படித்த அமீபாவின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணிலும், குளத்திலும், குழாய்த் தண்ணீரிலும், காற்றுத் தூசியிலும் அது உண்டு. குடித்தால் ஒன்றும் செய்யாது. முகம் கழுவினாலும் பொதுவாக ஒன்றும் செய்யாது. இமைக்கும்போது கண்ணீர் அதைக் கழுவித் தள்ளிவிடும். ஆனால் லென்ஸில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுவதும் கருவிழியோடு ஒட்டியே இருக்கிறது. லென்ஸ் உரசி உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக உள்ளே இறங்குகிறது.

எங்கள் தோழி ஒருத்தியின் அக்காளுக்கு நேர்ந்ததை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். அவர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறார். ஒரு நாள் வேலை நேரத்தில் லென்ஸில் ஏதோ உறுத்தவே, அதைக் கழற்றி மேசை மேலிருந்த குடிநீர்க் கேன் தண்ணீரில் அலசி மறுபடி போட்டுக்கொண்டார். "சாக்கடைத் தண்ணியா? காசு குடுத்து வாங்குற கேன் தண்ணிதானே பாப்பா" என்றார் எங்களிடம். அப்படி அவர் செய்தது அன்று ஒருநாள் மட்டும் அன்று. சில வாரங்களில் இடது கண் சிவந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் சிவப்புக் குறைந்தது, வலி குறையவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணில் ஊசி குத்துவது போல் இருந்ததாம். கண் மருத்துவமனையில் கருவிழியைச் சுரண்டி எடுத்துச் சோதித்தபோதுதான் அக்கான்தமீபா என்று தெரிந்தது. முதல் நாட்களில் இரவிலும் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து; அம்மா அலாரம் வைத்து எழுந்து ஊற்றியிருக்கிறார். மொத்த வைத்தியம் ஏழு மாதம். கண் பிழைத்தது. கருவிழியில் ஒரு வெண் தழும்பு இருக்கிறது. இப்போது அவர் தடித்த கண்ணாடி அணிகிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைத்தால் என்ன என்றும் சொல்கிறார்.

ஏழு மாதம் ஏன் ஆயிற்று என்று நாங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். ஆபத்து வந்தால் அக்கான்தமீபா தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பிக் கொண்டு கூடாகிவிடும். அந்தக் கூடு உலர்ந்தாலும் சாகாது. குளோரினுக்கும் எளிதில் அசையாது. மருந்து நின்றால் கூட்டை விட்டு வெளியே வரும். அதற்குத் தரும் மருந்துகளுள் ஒன்று நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யப் பயன்படும் பொருள், அதை 0.02 சதவீதமாக நீர்க்கச் செய்து கண்ணில் விடுகிறார்கள். அதைக் கேட்டு நாங்கள் சற்று நடுங்கினோம்.

இது நம் ஊர்த் தண்ணீரின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். 1980-களில் அமெரிக்காவில் லென்ஸ் அணிந்த பலர், கடையில் விற்ற உப்பு மாத்திரையை வீட்டில் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து லென்ஸுக்குப் பயன்படுத்தினார்கள். 1985, 1986 ஆண்டுகளில் அங்கே இந்த நோய் திடீரெனப் பெருகியது. ஆராய்ந்தவர்கள் அந்த வீட்டு உப்பு நீரையே காரணமாகக் கண்டார்கள். காய்ச்சி வடித்த நீருக்கே அந்தக் கதி என்றால் கேன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொதித்து ஆறிய நீரும் ஆகாது. ஆறும்போதும் பாத்திரம் மாற்றும்போதும் கிருமி சேரும். அன்றியும், நல்ல தண்ணீரில் கண்ணீரின் உப்பு இல்லாததால், அதில் நனைந்த மெல்லிய லென்ஸ் உருமாறிக் கருவிழியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். பிரிட்டனில் இந்த நோயால் பார்வை இழந்த ஒரு பெண்மணியின் முயற்சியால், தண்ணீர் கூடாது என்று படம் போட்ட ஒட்டுத்தாளை லென்ஸ் பெட்டிகளில் ஒட்டத் தொடங்கினார்கள்.

இதில் நம் நாட்டுக்கென்று வேறொரு பாடமும் உண்டு. மேல்நாடுகளில் அக்கான்தமீபா நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸ் அணிபவர்கள். ஆனால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில் கண்ட நோயாளிகள் லென்ஸே அணியாதவர்கள். நம் பக்கத்தில் கருவிழிப் புண்ணுக்குப் பெரும் காரணம் வயலும் பட்டறையும். 1994-இன் முதல் மூன்று மாதங்களில் அதே மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி தெரிந்தவர்களில் பாதிக்குச் சற்றே கூடுதலானவர்களிடம் பூஞ்சணம் இருந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் தூசியிலும் கிருமி நிறைந்த ஊர் இது. இங்கே லென்ஸ் அணிய விரும்புகிறவள் மேல்நாட்டுப் பெண்ணைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

சரி, எதில்தான் கழுவுவது? லென்ஸுக்கென்றே விற்கும் கிருமிநாசினித் திரவத்தில்தான். வெறும் உப்புநீர் என்று ஒன்றும் அதே போன்ற புட்டியில் கிடைக்கும். அது அலசுவதற்கு மட்டும், கிருமியைக் கொல்லாது. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைக்க வேண்டும். ஈரக் கை என்றால் அதுவும் குழாய்த் தண்ணீர்தானே! துடைக்கும் துணி பஞ்சு பிரியாததாக இருக்கட்டும். தாவணி முனையும் சுடிதார் துப்பட்டாவும் இதற்கு ஆகா. கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்துத் திரவம் விட்டு விரல் நுனியால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கவே வேண்டாம் என்று சில புட்டிகளில் அச்சிட்டிருந்தாலும் தேய்ப்பது நல்லது. கண்ணீரிலுள்ள புரதம் லென்ஸின் மேல் படிந்துவிடும். பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஏடு ஒட்டுவது போல. அது ஊறவைத்தால் மட்டும் போகாது. அந்தப் படிவு தங்கினால் மேல் இமையின் உட்புறம் சிறு சிறு முடிச்சுகள் தோன்றி, கண் அரித்து, பிசுபிசுக்கும்.

லென்ஸ் வைக்கும் பெட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காலையில் பெட்டியிலுள்ள பழைய திரவத்தைக் கொட்டிவிட்டு, புதிய திரவத்தாலேயே அலசி, துடைத்து, கவிழ்த்து உலர வைக்க வேண்டும். குளியலறையில் வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியையே மாற்றவேண்டும். பழைய திரவத்தின் மேல் இரண்டு சொட்டுப் புதியதை ஊற்றி நிரப்புவது சிக்கனம் அன்று. 2005, 2006-இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிந்தவர்களுக்கு ஃபியூசேரியம் என்னும் பூஞ்சணத்தால் கருவிழிப் புண் பரவியது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு நோய் உறுதியாயிற்று. பெரும்பாலோர் பயன்படுத்தியது பாஷ் அண்ட் லோம் நிறுவனத்தின் 'ரெனு மாய்ஸ்சர்லாக்' என்னும் திரவம். 2006 மே மாதத்தில் அது உலகெங்கும் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆராய்ச்சியிலேயே, பெட்டியில் கிடந்த பழைய திரவத்தை மறுபடி பயன்படுத்தியவர்களுக்கு நோய் கூடுதலாக வந்ததும் தெரியவந்தது. நல்ல நிறுவனத்தின் பொருள் என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

இத்தனை வேலையா என்று சலிப்பவர்களுக்கு ஒரு நாள் அணிந்து எறிந்துவிடும் லென்ஸ் உண்டு. பெட்டியும் வேண்டாம், திரவமும் வேண்டாம். செலவு கூடுதல். ஆனால் அதைச் சேமித்து மறுநாளும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்படிச் செய்வதைவிட மூக்குக் கண்ணாடியே மேல்.

லென்ஸோடு தூங்குவது அடுத்த ஆபத்து. இரவில் கருவிழிக்குக் கிடைப்பதே மூன்றில் ஒரு பங்கு என்று பார்த்தோம். அதன் மேல் லென்ஸும் இருந்தால், கழுவிவிட இமைப்பும் இல்லை, கண்ணீர் ஓட்டமும் இல்லை; கிருமிக்கு வெதுவெதுப்பான அறை கிடைத்துவிடுகிறது. 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, பகலில் மட்டும் மெல்லிய லென்ஸ் அணிந்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 4 பேருக்கும், இரவிலும் அணிந்தவர்களில் பத்தாயிரத்தில் 21 பேருக்கும் கருவிழிப் புண் வந்தது. பள்ளி வேனில் வீடு திரும்பும்போது கண்ணயர்வதும் தூக்கம்தான். வேளாங்கண்ணிக்கு இரவுப் பேருந்தில் போகிறவர்கள் ஏறுமுன்பே கழற்றிவிட வேண்டும். அங்கே கடலில் குளிக்கும்போதும் கண்ணில் லென்ஸ் இருக்கக் கூடாது. கடலுக்குச் சொன்னது குளியலறைக்கும் பொருந்தும்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் உலவும் ஒரு கதையையும் இங்கே சொல்லவேண்டும். வெல்டிங் வெளிச்சம் பட்டால் லென்ஸ் கண்ணோடு உருகி ஒட்டிவிடும் என்பார்கள். இந்தக் கதை அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும் பல ஆண்டுகள் உலவியது. அங்கே ஆராய்ந்து பொய் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சாணை பிடிக்கும் இடத்தில் பறக்கும் இரும்புத் துகள் பொய்யன்று. அது லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் சிக்கினால் இமைக்குந்தோறும் கீறும். ஆகையால் அங்கே லென்ஸ் அணிந்தாலும் அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். நம் இரசாயன ஆய்வுக்கூடத்துக்கும் இதுவே சட்டம். மை தீட்டுகிறவர்கள் முதலில் லென்ஸ் போட்டுப் பிறகு மை தீட்டவேண்டும். கழற்றும்போது லென்ஸ் முதலில், மை பிறகு. 'மெட்ராஸ் ஐ' என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய கண்நோய் வந்திருக்கும்போது, முழுதும் குணமாகி மருத்துவர் சொல்லும்வரை லென்ஸைத் தொடக்கூடாது.

ஆண்டு விழா நெருங்கும்போது வேறொரு பேச்சு எழுகிறது. நீலக் கண், பச்சைக் கண் லென்ஸ்! பவர் இல்லை, அழகுக்கு மட்டும் என்பதால் அது பொட்டு, வளையல் போன்ற பொருள் என்று எண்ணி அலங்காரக் கடையில் வாங்குகிறார்கள். கருவிழிக்கு நிறமும் தெரியாது, பவரும் தெரியாது. மூச்சு முட்டுவதும் கீறுவதும் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொருவர் கருவிழியின் வளைவும் வேறு. அளந்து பாராமல் போட்ட லென்ஸ் பிறர் செருப்பைப் போட்டது போல; செருப்பாவது காலைத்தான் கடிக்கும். ஒரே ஜோடியை நாட்டியத்துக்கு ஒருத்தியும் நாடகத்துக்கு ஒருத்தியும் மாற்றிப் போட்டுக்கொண்டால், ஒருத்தி கண்ணின் கிருமி மற்றவளுக்குத் தானமாகப் போகும். மேடையில் பத்தாவது வரிசைக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்கு யார் கண் என்ன நிறம் என்று தெரியவா போகிறது?

இவ்வளவும் படித்தவர்கள் லென்ஸே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். கருவிழி கூம்பு போல் புடைத்து மெலியும் நோய் சிலருக்கு நம் வயதிலேயே தொடங்குகிறது. அவர்களுக்கு எந்த மூக்குக் கண்ணாடியாலும் தெளிவான பார்வை தர முடியாது. கடினமான லென்ஸ் போட்டால் எழுத்து தெரிகிறது. மருந்து ஒவ்வாமையால் கண்ணீர் வற்றிப்போனவர்களுக்கு, வெள்ளை விழியின் மேல் உட்காரும் பெரிய லென்ஸில் உப்புநீர் நிரப்பி அணிவிக்கிறார்கள். 1888-இல் ஃபிக் செய்த பெரிய லென்ஸ் இப்படி வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில் இத்தகைய லென்ஸ்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. அவர்களுக்கு லென்ஸ் அலங்காரமன்று, மருந்து.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால், அல்லது பார்வை மங்கினால், உடனே லென்ஸைக் கழற்ற வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே உதவாது. சூடோமோனஸ் என்னும் பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் கருவிழியைக் கரைத்துவிடக் கூடியது. புண் மேல்தோலோடு நின்றால் தழும்பின்றி ஆறும். ஆழ்ந்துவிட்டால் தழும்பு நிலைத்துவிடும். தழும்பு நடுவில் அமைந்தால் இறந்தவர் தானம் செய்த கருவிழியைப் பொருத்துவதுதான் வழி. தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது எல்லாம் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கவும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு மறையும், கிருமியோ உள்ளே செழிக்கும்.

பண வசதி இல்லை என்று தயங்கத் தேவையில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-இல் அமைந்ததும் அங்கேதான். திருமுடிவாக்கத்திலிருந்து பேருந்தில் பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். போகும்போது கழற்றிய லென்ஸ், பெட்டி, திரவப் புட்டி மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். எந்தக் கிருமி என்று அவற்றிலிருந்தே கண்டுபிடிக்க முடியும். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு அவற்றைக் கழுவி எடுத்துப் போகக் கூடாது.